தொள்ளாயிரம் மிச்சம்

சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வருமுன்னே கரைவலைக் கயிறு எங்கள் இடுப்பில் ஏறிவிட்டது. இருபத்திரண்டு பேர். குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தால், உப்பூறிய கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போகும். கடைசியில் நிற்பவன் கழற்றிக்கொண்டு ஓடித் தண்ணீரோரத்தில் மறுபடி பிடிப்பான். அதனால் எல்லோர் கையும் கயிறு முழுக்கப் படும்.

எனக்கு முன்னால் மிஹ்லார். கட்டாருக்கு வேலைக்குப் போய், எச்.ஐ.வி என்று திருப்பி அனுப்பப்பட்டவன். மனைவி நபீஸாவுக்கும் தொற்றியிருந்தது. அவள் இதே வாடியில், எங்கள் கடற்கரை மீன்கொட்டகையில், கருவாடு காயவைத்தாள். கிளினிக்கில் கொடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டுச்சீட்டைப் பார்த்த எவனோ ஊர் முழுக்கப் பரப்பிவிட்டான். அன்றே நான் என் பிளேன்டீக் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தேன். எட்டு வருடம் அவனோடு ஒரே கயிற்றில் நின்றவன் நான். நாய்ப்புத்தி, வேறென்ன?

வாடி முதலாளி காலிதீன் தவணை போட்டார். மூன்று மாதம் மருந்து குடித்துவிட்டு, கிருமி இல்லை என்ற துண்டோடு வந்தால் வேலை தொடரும், இல்லாவிட்டால் வெளியே.

தவணை முடிந்த காலை இது. வலை பாதி வழி வந்திருந்தது. நபீஸா இரண்டு துண்டுகளையும் நீட்டினாள். அவளுடையதில் கிருமி தென்படவில்லை. மிஹ்லாருடையதில் கிருமி எண்ணிக்கை தொள்ளாயிரம்.

"பொண்டாட்டிக்குச் சரி வந்திரிக்கி. இவன் மருந்தக் கடல்ல வீசிப்போட்டு நம்மள ஏமாத்துறான். நபீஸா நிக்கட்டும், இவன் கயித்த விடணும்," என்றார் முதலாளி.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்தில குடிக்கிற மருந்து முதலாளி," என்றாள் நபீஸா. "எனக்கு ஆயிரக்கணக்கிலதான் இருந்த. இவருக்குப் பத்து லெச்சத்துக்கு மேல. கூடுதலா இருந்தா இறங்க நாள் எடுக்குமாம், டொக்டர் சொன்னவர். மருந்து வேல செய்யிறதாலதான் தொள்ளாயிரத்துக்கு வந்திரிக்கி."

"மிச்சம் மிச்சந்தான்." முதலாளி கயிற்றைக் காலால் தள்ளினார். "பாருங்க, ரெத்தம். இந்தக் கயித்தத்தான் இவ்வளவு பேரும் புடிக்கீங்க."

மிஹ்லார் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். அவன் உள்ளங்கையைப் பார்த்தேன். காய்ப்பு ஏறியிருந்தது, காயமில்லை. என் கைதான் எரிந்துகொண்டிருந்தது.

"அது எண்ட ரெத்தம் முதலாளி," என்று கையை விரித்துக் காட்டினேன்.

"அப்ப நீயும் போ, சாமித்தம்பி."

நான் அவிழ்த்தேன். எனக்குப் பின்னால் மர்சூக் அவிழ்த்தான். பிறகு கயிறு நெடுக ஒவ்வொருவராக. வலை மீனோடு கடலுக்குத் திரும்பியது. எங்கள் வீட்டுக் கறியும் அதோடு போனது. பொத்துவிலிலிருந்து ஆள் இறக்குவேன் என்று முதலாளி கத்தினார். இறக்குவார், அவருக்கென்ன. துண்டு கேட்காமல் மிஹ்லாரைச் சேர்க்கும்வரை கயிற்றைத் தொடமாட்டோம் என்றோம்.

நபீஸா தேநீர் ஊற்றினாள். மிஹ்லார் குடித்த கோப்பையை வாங்கக் கை நீட்டினேன். அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். பிறகுதான் கொடுத்தான்.