சனிக்கிழமை நழுவும் பிடி

"அப்போ சனிக்கிழமைன்னா மட்டும் அதுக்குக் கை நடுங்குதாம்மா?"

கைலாசத்தின் உதடு சிரித்தது. கண் ஏஞ்சலை அளந்துகொண்டிருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் அவருடைய பட்டுப்புடவைக் கிடங்கு. அங்கே பெட்டிகளை எடுத்து அடுக்க வந்த ரோபோ கையைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் அவள். அந்தக் கையின் நுனிக்கு ரப்பர் கிண்ணங்களைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

"விரல் மாதிரி கவ்வுற பிடி வாங்கலாம்னு தலையால அடிச்சிக்கினேன் மாமா," என்றான் அவர் மைத்துனன் ஆனந்தகுமார்.

"கவ்வுனா பெட்டி மூலை நசுங்கும் சார். கிண்ணம் காத்தை உறிஞ்சி அப்படியே தூக்கும்."

"தூக்கிக்கினு போயி தொப்புன்னு போடும்," என்றான் ஆனந்தகுமார். "கிண்ணம் வித்த கம்பெனில உன்கூடப் படிச்சவன் இருக்கானாமே?"

ஏஞ்சலுக்குச் சுருக்கென்றது. இன்றும் பெட்டி விழுந்தால் கிண்ணங்களோடு அவளும் கிளம்ப வேண்டியதுதான் என்று கைலாசம் காலையிலேயே சொல்லிவிட்டார். அவளுக்கோ ஆனந்தகுமார்மேல்தான் சந்தேகம். வெள்ளிக்கிழமை மாலை கிடங்கைப் பூட்டுகிறவன் அவன். மறுநாள் பெட்டி விழுகிறது. திங்களுக்குள் தானாகச் சரியாகிவிடுகிறது. எதைத் தளர்த்துகிறான், எப்போது முடுக்குகிறான்?

கிண்ணங்களுக்குப் போகும் உறிஞ்சுகுழாயைக் கழற்றி, அதன் நுனியை விரலால் அடைத்துப் பார்த்தாள். காற்றழுத்த அளவுமானியின் முள் ஆடாமல் நின்றது. குழாயிலும் பம்பிலும் ஒரு குறையும் இல்லை.

"ஓட்டும்மா, பாப்போம்," என்றார் கைலாசம்.

கை இறங்கியது, யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்றது, பெட்டியைத் தூக்கியது. பாதி வழியில் முள் சரிந்தது. தொப்.

"நான் சொல்லல?" என்றான் ஆனந்தகுமார்.

ஏஞ்சல் குனிந்து பெட்டியை எடுத்தாள். வெள்ளை மூடியின்மேல் மஞ்சளும் சிவப்புமாக அரைகுறை வளையங்கள். முகர்ந்தாள். சந்தனம். அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலும் சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது, நடுவே குங்குமம். அந்தப் பொருக்கின் இடுக்கில் காற்று புகுந்துவிடுகிறது. பெட்டிகளில் தேய்ந்து உதிர்ந்ததும் பிடி சரியாகிவிடுகிறது.

"இங்க பொட்டு வெச்சது யார் சார்?"

"நான்தான்," என்றார் கைலாசம். "வெள்ளிக்கிழமை தறிக்கும் நாடாவுக்கும் வெக்கல? சரக்கைத் தொடுற எடத்துல வெச்சாதான் தொழில் வெளங்கும்."

"அதனாலதான் சார் விழுது."

"பாத்தீங்களா மாமா? கடைசில சாமி மேலயே பழி!"

கைலாசத்தின் பார்வை அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையில் போய் நின்றது. ஈரத்துணியோடு கிண்ணத்தை நோக்கி உயர்ந்த ஏஞ்சலின் கை பாதியில் இறங்கியது. துடைத்தால் மூன்றே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் வைத்த பொட்டை அழித்தவள் என்ற பேர் நிற்கும்.

துணியை அவரிடம் நீட்டினாள்.

"இந்த ரோபோவோட தோள்ல எவ்ளோ பெருசா வேணும்னாலும் வெச்சிக்கலாம் சார். இந்த விளிம்புல இருக்கறத மட்டும்... நீங்களே உங்க கையால தொடச்சி விடறீங்களா?"