டங்கன் ராட்ரே பிடித்த கேட்ச்

மே மாதம் கப்பலை விட்டு இறங்கிய நியூசிலாந்து அணியில், ஜூலைக்குள் பாதிப் பேருக்குச் சளி பிடித்துவிட்டது. முதல் விக்கெட் கீப்பர் லெஸ் க்ரோவ் மட்டும் ஒரு தடவைகூடத் தும்மவில்லை. இரண்டாவது கீப்பரான டங்கன் ராட்ரேக்கு அதுதான் கவலை. டெஸ்ட் நடக்கும் நாட்களில் அவன் தண்ணீர் தூக்கினான், கோட்டுகளை மடித்து வைத்தான், மற்றவர்களின் தலைவலிக்கு மாத்திரை வாங்கி வந்தான்.

மான்செஸ்டர் டெஸ்டின் முதல் நாள், விடிந்ததிலிருந்தே மழை கொட்டியது. ஊரில் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவன் டங்கன். நேற்றைய பத்திரிகையில் ஒரு செய்தியைப் பார்த்திருந்தான். மெல்ல கேப்டன் பீட்டியிடம் போய் நின்றான்.

"மலைப்பக்கம் ப்ரூம்லில ஆட்டுச் சந்தையாம். ரோமம் கத்தரிக்கிற போட்டியும் உண்டாம். போய்ட்டு வரட்டுமா கேப்டன்?"

பீட்டி ஜன்னலைப் பார்த்தார். "போ. இந்த மழைல, பிரளயத்தையே பாத்த நோவா வந்தாலும் ஆட மாட்டார்."

ரயில் பிடித்து டங்கன் ப்ரூம்லியில் இறங்கியபோது அங்கே மழை இல்லை. கொட்டகை நிறைய ஆடு, ஈரக் கம்பளி வாடை. அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அணியின் கோட்டைக் கழற்றிக்கொண்டே போட்டிக்குப் பெயர் கொடுத்தான். எதிரே நின்றவள் ஷார்ட்லண்ட் என்ற பண்ணைக்காரி. ஐம்பது வயது, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை.

"கிரிக்கெட் ஆடுற பையனா? பாத்து தம்பி, இது உதைக்கும்," என்றாள்.

"எங்க ஊர் ஆடு கடிக்கவே செய்யும்மா," என்றான் டங்கன்.

கத்தரிகள் ஓடத் தொடங்கின. டங்கன் இரண்டு ஆடுகளை முடித்து மூன்றாவதைப் புரட்டிப் போட்டபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அணியின் மேலாளர் ஆக்டன் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"எழுந்திரு. அங்க வெயில் அடிக்குது. டாஸ் போட்டாச்சு, நாம ஃபீல்டிங். லெஸ் ஈரப்படில வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப் போச்சு. நீ கீப்பிங் நிக்கலாம்னு இங்கிலாந்து கேப்டன் பெரிய மனசு பண்ணிச் சம்மதிச்சுட்டார். வாடகைக் கார் வெளில நிக்குது. ஆட்டத்துக்கு வா."

"இந்த ஆட்டை முடிச்சுட்டு அந்த ஆட்டத்துக்கு வரேன் சார்."

"டெஸ்ட் மேட்ச்யா!"

"பாதி கத்தரிச்ச ஆட்டை விட்டுட்டு வந்தா எங்கப்பா என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டார்."

ஆக்டன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். டங்கன் பதற்றப்படாமல் வயிற்றுப்பக்கம் முடித்து, முதுகைச் சுற்றி வந்து, கம்பளியை ஒரே விரிப்பாக உரித்துப் போட்டான். ஷார்ட்லண்ட் அம்மாள் அதற்குள் நான்காவதை முடித்திருந்தாள்.

"தோத்துட்டே தம்பி. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, உங்களுக்கு ஆட்டம் இல்லையே. மொத்தப் பேரும் சாப்பிட வாங்க," என்றாள்.

காரிலேயே அவன் வெள்ளை உடுப்பு மாட்டினான். கை கழுவ நேரம் இல்லை. மைதானத்தில் இறங்கியபோது, அதுவரை கீப்பராக நின்று பாதிப் பந்துகளை எல்லைக்கோட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பீட்டி, கையுறையை அவனிடம் கிட்டத்தட்ட வீசினார்.

மட்டையோடு நின்ற கார்ஸ்டாங் மூக்கை உறிஞ்சினான். "என்னய்யா இது, யாரோ ஆட்டுக்கொட்டகையைத் தொறந்து விட்டுட்டாங்களா?"

"அது நான்தான்," என்றான் டங்கன்.

அடுத்த ஓவரிலேயே கார்ஸ்டாங்கின் மட்டை விளிம்பில் பந்து உரசி நேராக வந்தது. ஆட்டு ரோமத்தின் பிசுக்கு கையிலும் கையுறைக்குள்ளும் வழவழவென்றிருந்தது. கை உள்ளே வழுக்க, பந்து கையுறை நுனியில் பட்டுத் தரையில் உருண்டது. பார்வையாளர்கள் சிரித்தார்கள். டங்கனுக்குக் காது மடல் சூடேறியது. மூன்று மாதம் காத்திருந்தது இதற்குத்தானா?

"ஆடா இருந்தா புடிச்சிருப்பே," என்றான் கார்ஸ்டாங்.

டங்கன் கையுறையைக் கழற்றினான். குனிந்து, ஈரப்புல்லில் இரண்டு கைகளையும் அழுந்தத் தேய்த்தான். புல்லும் மண்ணும் ஒட்டிய கையோடு கையுறையைத் திரும்ப மாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து கார்ஸ்டாங் ஒரு பந்தை லெக் பக்கம் லேசாகத் தொட்டான். டங்கன் பந்தைப் பார்த்தானா, கால்தான் தானாகப் போனதா, அவனுக்கே தெரியாது. தலைகுப்புற விழுந்து, இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

கார்ஸ்டாங் ஒரு கணம் நின்று பார்த்தான். "நாத்தத்துக்கு இது சரியாப்போச்சு," என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

மாலையில் ஸ்கோர் அட்டை அச்சாகி வந்தது. மாற்று ஆள் பிடித்த கேட்சுக்குப் பெயர் போடுவதில்லை. 'மாற்று வீரர்' என்று மட்டும் இருந்தது. ஆக்டனுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"பேரைப் போட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

"விடுங்க சார். புடிச்ச கைக்குத் தெரியும்," என்றான் டங்கன், சூப்பை ஊதிக்கொண்டே.

மறுநாள் அணி முழுவதும் ப்ரூம்லிக்குப் போனது. ஆட்டிறைச்சி வறுவலும் புதினாச் சாறும் மேசை கொள்ளாமல் இருந்தன. சாப்பிட்ட தெம்பில், ஓர் ஆட்டைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று பீட்டி பட்டிக்குள் இறங்கினார். ஆடு அவரை வேலி வரை இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் உட்கார வைத்தது.

"ரெண்டு காலுக்கும் நடுவுல புடிங்க கேப்டன்," என்று டங்கன் வேலி மேல் உட்கார்ந்து கத்தினான்.

"எந்தக் கால்டா? யாரோட கால்?" என்றார் பீட்டி.