அளவுச் சட்டை

கூடப்பிறந்தவள் எட்டு மாதமாகக் கண்ணெதிரே தேய்ந்துகொண்டே போயிருக்கிறாள், அதைக்கூடக் கவனிக்காமல் இவள் என்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள் என்று தெருவே கேட்டது. கேட்பவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? கத்திரி கிழித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் தொழிலே அதுதான். பழைய துணிக்கடையில் மலைபோலக் குவித்து வைத்திருக்கும் சட்டை, கோட்டு, திரைச்சீலை, போர்வை எல்லாவற்றையும் கிளறி, நல்லதாகப் பார்த்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வருவாள். வீட்டில் உட்கார்ந்து தையலைப் பிரிப்பாள், வெட்டுவாள், வேறொன்றாகத் தைத்து விற்பாள். ஒரு பெரிய ஆளின் கோட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்துவிடுவாள். கைத்திறமையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதை அவள் எதிரிகூட ஒத்துக்கொள்வான்.

கத்திரி என்று பெயர் வைத்தது அக்கா. பத்து வயதில் வீட்டிலிருந்த ஒரே நல்ல படுக்கை விரிப்பைப் பாவாடையாக்கிப் போட்டுக்கொண்டு இவள் வந்து நிற்க, அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்ப மாட்டாள்.

இரண்டு பேருக்கும் கல்யாணம் காட்சி இல்லை. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலோரம் தையல் மிஷின், நடுவில் ஒரு மேஜை. துணி வெட்டுவதும் அதில்தான், சாப்பிடுவதும் அதில்தான். சோற்றுத் தட்டோடு ஒரு காலரோ பட்டனோ வந்து சேராத நாளே கிடையாது. அக்காவுக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல தாட்டியான உடம்பு, அதற்கேற்ற குரல். அவள் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு செருமல் செருமினால் வரிசை தானாக நேராகிவிடும். ஐம்பத்து நான்கு வயது. தங்கை தைத்துக் கொடுப்பதைத் தவிர வேறெதையும் உடம்பில் போட மாட்டாள்.

"கடையில வாங்கினா அது சட்டையா? தலைகாணி உறை. எங்க கத்திரி தைச்சா அது என் உடம்பு மாதிரி இருக்கும்" என்று கூட வேலை செய்பவர்களிடம் பீற்றிக்கொள்வாள்.

இப்போது தவறு எங்கே நடந்தது என்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஒரு அளவுச் சட்டை இருந்தது. சாம்பல் நிறத்தில் கோடு போட்ட பெரிய ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் பிரித்து, ஆறு வருடத்துக்கு முன் டேப் வைத்து அளந்து தைத்தது. மார்பு நாற்பத்திரண்டு. மிஷின் பக்கத்துச் சுவரில் அந்த எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்ததோடு சரி, அதற்குப் பிறகு கத்திரி அக்கா உடம்பில் டேப் வைக்கவே இல்லை. புதுத் துணியை மேஜையில் விரிப்பாள், மேலே அளவுச் சட்டையை வைப்பாள், சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவாள். தைக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். அளவுச் சட்டை இருக்கும்போது ஆள் எதற்கு?

அந்தச் சட்டையைத்தான் அக்கா வீட்டில் போட்டுக்கொண்டு திரிவாள். ஒருநாள் காலையில் அதன் தோளை இழுத்து விட்டுக்கொண்டே வந்து நின்றாள்.

"ஏய் கத்திரி, இது நிக்கவே மாட்டேங்குதுடி. லூசா இருக்கு."

"பழைய துணிக்கா. எவனோ போட்டு, அடிச்சுத் துவைச்சு, நூலெல்லாம் செத்துப்போச்சு. தொளதொளன்னு ஆகத்தான் செய்யும். கழட்டிக் குடு, பிடிச்சுத் தரேன்."

இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை இஞ்ச் பிடித்துத் தைத்தாள். உள்ளே மிஞ்சிய துணியை வெட்டி எறியவில்லை, மடித்து அப்படியே விட்டாள். நாளைக்கு ஆள் பெருத்தால் பிரித்துவிடலாம் அல்லவா? பிறகு அலமாரியில் இருந்த அக்காவின் மற்றச் சட்டைகளையும் எடுத்துப் பார்த்தாள். எல்லாமே அளவுச் சட்டையைவிடப் பெரிதாக இருந்தன. எல்லாமே பழைய துணி, எல்லாமே இளகியிருக்கும். எல்லாவற்றையும் பிடித்தாள். பழைய பருத்தி இளகும் என்பது பொய்யில்லை. முழங்கையில், முட்டியில் இளகுவதை அவளே ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். தெரிந்த தொழில்தான் அவள் கண்ணைக் கட்டிப்போட்டது.

அடுத்த மாதமும் லூசு. அதற்கடுத்தும் லூசு. கத்திரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அக்கா மேல் அல்ல, துணி மேல். நேரே பழைய துணிக்கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தாள்.

"என்ன அண்ணே துணி வச்சிருக்கீங்க? ரெண்டு மாசத்துல ஆளை முழுங்குற மாதிரி ஆகிடுது."

"வெளிச்சத்துல பிடிச்சு, இழுத்து, மோந்து பாத்து நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க டாக்டரம்மா! இப்ப வந்து என்னைக் கேட்டா?" என்று கடைக்காரர் கும்பிடு போட்டார்.

மூன்று முறைக்குப் பிறகு அக்கா சொல்வதை விட்டுவிட்டாள். சொல்ல விட்டால்தானே! அவள் வேலைக்குக் கிளம்பும்போது முதுகில் எங்காவது தொய்வு தெரிந்தால் கத்திரிக்குக் கை பரபரக்கும். தான் தைத்தது ஓர் உடம்பில் தொங்குவதா? அக்கா திரும்பி வருவதற்குள் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் பிடித்து, தேய்த்து, மடித்து வைத்துவிடுவாள். மறுநாள் சட்டை கச்சிதமாக உட்காரும். அதைப் பார்த்து அவளுக்கு மனசு நிறையும்.

"பசிக்கலடி" என்று அக்கா பாதித் தட்டைத் தள்ளி வைத்தபோதும், "உக்காந்தே இருந்தா எங்க பசிக்கும், ரெண்டு எட்டு நடந்து வா" என்று அதட்டிவிட்டுத் தட்டை எடுத்துப் போனாள். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் அளவுச் சட்டை அக்குளில் கிழிந்தது. இனி இது தாங்காது, பிரித்துப் போட்டுப் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்வோம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து உள்பக்கத்தைத் திருப்பினாள். பக்கவாட்டில் துணி தடித்த கயிறு மாதிரி சுருண்டு கிடந்தது. ஒன்றை ஒட்டி ஒன்றாக ஆறு வரிசைத் தையல். அந்தந்த நேரத்தில் மிஷினில் எந்த நூல் இருந்ததோ அந்த நூல். வெள்ளை, பச்சை, மறுபடி வெள்ளை, கறுப்பு, பழுப்பு, சிவப்பு.

ஒவ்வொன்றாகப் பிரித்தாள். துணி விரிந்துகொண்டே வந்தது. கடைசித் தையலும் போனதும் மேஜையில் நீவி விட்டு, தேடிப்பிடித்து டேப்பை எடுத்து வைத்தாள். நாற்பத்திரண்டு. சுவரைப் பார்த்தாள். அங்கேயும் நாற்பத்திரண்டு. துணி அரை இஞ்ச்கூட இளகவில்லை.

டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளறையில் படுத்திருந்த அக்காவிடம் போனாள். "அக்கா, எழுந்திரு. கையத் தூக்கு."

"என்னடி புதுசா டேப்பெல்லாம்?"

"தூக்குக்கா."

முப்பத்து மூன்று. தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று மறுபடி வைத்தாள். முப்பத்து மூன்றேதான். டேப்புக்கு அடியில் விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. இந்த உடம்பை எட்டு மாதமாக உடுத்தி விட்டவள் தான்தான் என்று நினைத்தபோது அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுமில்லக்கா, நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம்" என்று மட்டும் சொன்னாள். காரணத்தைச் சொல்ல நா எழவில்லை.

மருத்துவமனையில் ஊசி, படம், பரிசோதனை என்று ஒரு வாரம் அலைக்கழித்தார்கள். கடைசியில் டாக்டர் அம்மாள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார்.

"எப்பலேர்ந்து இளைச்சுட்டு வர்றீங்க? இது ரொம்ப முக்கியம், யோசிச்சுச் சொல்லுங்க."

"இளைச்ச மாதிரியே தெரியல டாக்டர். சட்டையெல்லாம் எப்பவும்போலத்தான் இருக்கு. மிஞ்சிப்போனா ஒரு மாசம் இருக்கும்" என்றாள் அக்கா.

டாக்டர் எழுதப் போனார். கத்திரி அந்தப் பேனாவையே பார்த்தாள். வாயைத் திறந்தால் அக்கா முகத்தில் முழிக்க முடியாது. திறக்காவிட்டால் டாக்டர் தப்பாக எழுதுவார், தப்பாக மருந்து கொடுப்பார். அவள் பையிலிருந்து பிரித்த சட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

"ஒரு மாசம் இல்லீங்க, எட்டு மாசம். இந்த ஓட்டை வரிசையெல்லாம் நான் பிடிச்சுத் தைச்ச இடம். முதல்ல இது, பள்ளிக்கூடம் திறந்த வாரம். இது பச்சை நூல் போட்ட வரிசை, அதுக்கு அடுத்த மாசம், ஒரு திரைச்சீலையை கவுனாக்கிட்டிருந்தேன். கறுப்பு போட்டப்போ மழை விட்டிருந்துச்சு. ஒரு தடவைக்கு ஒன்றரை இஞ்ச். ஆறு தடவ." சொல்லச் சொல்ல அவள் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. "துணிதான் இளகுதுன்னு நெனச்சேங்க."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா…" என்று தொடங்கியவர், அக்காவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அக்கா அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் அக்கா தள்ளி உட்கார்ந்துகொண்டாள். படி ஏறுகையில் கத்திரி பிடிக்க வந்த கையை அக்கா தட்டிவிட்டாள். வீட்டுக்குள் வந்து மேஜையருகே உட்கார்ந்தபின் வாயைத் திறந்தாள்.

"நான் சொன்னேன்ல? மூணு தடவ சொன்னேன். லூசா இருக்குடின்னு வாயால சொன்னேன்."

"சொன்னக்கா."

"நீ துணியைத் திட்டுன. என்னைப் பாக்கல. ஒரு தடவகூட நிமிந்து என்னைப் பாக்கல நீ."

கத்திரி அழுதாள். அக்கா விடவில்லை.

"கவுண்டர்ல கூட வேலை செய்யற பொண்ணு கேட்டா, இளைச்சுட்டீங்களாக்கான்னு. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா சட்டை கச்சிதமா இருந்துச்சேடி! போடி பைத்தியம், என் சட்டையைப் பாருன்னு அவகிட்ட சிரிச்சேன். உன் தையலை நம்பி சிரிச்சேன்."

அக்கா அடித்திருந்தால்கூடக் கத்திரி வாங்கிக்கொண்டிருப்பாள்.

இரண்டு நாள் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. இனிமே என் சட்டை எதையும் நீ பிடிக்கக் கூடாது. பிடிச்சதையெல்லாம் பிரிச்சு விடு. தொங்கட்டும். நான் எவ்வளவு இருக்கேனோ அது எல்லாருக்கும் தெரியட்டும். தினம் காலைல டேப் வச்சு அளந்து, எவ்வளவுன்னு எனக்கு வாயால சொல்லணும். ஒரு நூல் அளவுகூட மறைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினாள். அன்று முழுக்கத் தான் போட்ட தையலையெல்லாம் தானே பிரித்தாள். தையல்காரிக்கு அதைவிடக் கொடுமையான வேலை உண்டா?

அக்கா அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு சிகிச்சைக்குப் போனாள். காலருக்குள் கழுத்து தனியே நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் பதறினார்கள், பிறகு கத்திரியை முறைத்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இப்போது அக்கா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை, அதற்குத் தெம்பில்லையா மனசில்லையா என்று கத்திரிக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு காலையும் டேப். "முப்பத்திரண்டரை." அக்கா தலையாட்டுவாள். "முப்பத்தொண்ணே முக்கால்." தலையாட்டுவாள். ஒரு வாரம் குறையாமல் நின்றது. அந்த வாரம் அக்கா இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள், கவுண்டரில் சில்லறைக்குச் சண்டை போடுகிற ஒரு பெரியவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தாள். பிழைத்துவிடுவாள் என்று கத்திரி நம்பினாள். அடுத்த வாரம் முப்பது. அன்று அந்த எண்ணைச் சொல்ல அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பொய் சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஒருமுறை சட்டையை நம்பி ஏமாந்தவளை வாயாலும் ஏமாற்றுவதா?

அப்புறம் டாக்டர் மருந்தை நிறுத்தினார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. டேப் மட்டும் நிற்கவில்லை.

நேற்று இருபத்தெட்டரை. இன்று காலை கத்திரி டேப்போடு கட்டிலருகே வந்தபோது அக்கா கையைத் தூக்கவில்லை.

"இன்னிக்கு அளக்க வேணாம்."

"சரிக்கா."

"ஆனா சொல்லு."

"அளக்காம என்னத்தச் சொல்றது?"

"நேத்து எவ்வளவு சொன்னியோ அதையே சொல்லு."

கத்திரி டேப்பைக் கீழே வைத்தாள். அக்கா முகத்தைப் பார்த்தாள். கன்னம், கண்ணுக்குக் கீழே விழுந்த பள்ளம், காய்ந்த உதடு, எதையும் விடாமல் பார்த்தாள். அக்காவும் அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இருபத்தெட்டரை" என்றாள்.

"அப்ப குறையல."

"இல்லக்கா. குறையல."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.