வலது பெடல்

ஊரில் எல்லார் வாயையும் திறக்கச் சொல்லும் பல் டாக்டர் வீட்டில் தன் வாயைத் திறக்கமாட்டார். அங்கே பேச்செல்லாம் மனைவி பாடு. அப்பேர்ப்பட்ட மனிதர் ஐம்பத்திரண்டு வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாக அறிவித்ததும் வீடு ரெண்டுபட்டது. இரண்டு மாதச் சண்டைக்குப் பிறகு மனைவி ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். கற்றுக்கொடுப்பது தன் தங்கையாக இருக்கவேண்டும்.

தங்கைக்குப் பிழைப்பே அதுதான். ஒரு சின்ன விமானப் பள்ளியில் பயிற்சியாளர். பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய விமானங்கள் இரண்டு, ஒற்றை ஓடுபாதை, அதன் ஓரத்தில் காற்றின் திசையும் வேகமும் காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை, அவ்வளவுதான். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்காதே என்று அந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அவளே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அக்கா கேட்டு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "உன்னை நம்பித்தான் விடறேன். அவர் முழுசா வீட்டுக்கு வரணும்" என்றாள் அக்கா, கண்ணாடிச் சாமானை இரவல் கொடுப்பவள் மாதிரி.

டாக்டர் நல்ல மாணவர். சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்வார். மைதானத்துக்குள் நுழைந்தால் மச்சினியை மேடம் என்றுதான் கூப்பிடுவார். வெளியே வந்த பிறகுதான் அவள் பாப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து மூன்று முறை இறங்கிப் பார்த்தாள். இடதுபுறத்திலிருந்து மெல்லிய காற்று வீசிக்கொண்டிருந்தது. மூன்று தடவையும் சக்கரம் தரையில் பதமாக உட்கார்ந்தது. மூன்றாவது முடிந்ததும் கதவைத் திறந்து இறங்கினாள். இனி ஒரு சுற்று நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள், இறங்கப் பிடிக்கவில்லை என்றால் யோசிக்காமல் மறுபடி மேலே ஏறிவிடுங்கள் என்றாள். தன் நாற்காலியில் உட்காரும் நோயாளிகள் தன்னைப் பார்ப்பதுபோல டாக்டர் அன்றைக்கு அவளைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேலி ஓரத்தில் அக்கா டீ பிளாஸ்கோடு நின்றிருந்தாள். கையில் ரேடியோவோடு அவளிடம் நடக்கும்போது தங்கைக்கு வலது கெண்டைக்கால் வலித்தது. இராத்திரி கோணலாகப் படுத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏறுவது பெரிய காரியமில்லை. இறங்குவதில்தான் எல்லா வித்தையும். பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது விமானம் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு, நண்டு மாதிரி சாய்வாகத்தான் வரும். சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் காலால் பெடலை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். மிதிக்காமல் விட்டால் சக்கரம் குறுக்கே விழும், ஒடியும், விமானம் குப்புறக் கவிழவும் கூடும். கரணம் தப்பினால் மரணம் என்பது அந்த இரண்டு விநாடிக்குத்தான் பொருந்தும்.

டாக்டர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்க வந்தார். மூக்கு இடப்பக்கம் திரும்பியிருந்தது. அது சரிதான். ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடந்தார். இன்னும் திரும்பியே இருந்தது. தரைக்கு ஒரு ஆள் உயரத்தில் வந்தபோதும் நேராகவில்லை. இப்போது, இப்போது என்று அவள் பல்லைக் கடித்தாள். திடீரென்று இன்ஜின் உறுமியது. விமானம் தள்ளாடிக்கொண்டு மேலே ஏறிவிட்டது.

"என்னடி, இறங்கலையா?" என்றாள் அக்கா. அவள் பதில் சொல்வதற்குள் ரேடியோ கரகரத்தது. டாக்டருக்கு மேடம் மறந்துபோயிருந்தது.

"பாப்பா, பெடல்ல ஏதோ கோளாறு. கடைசியில வலது பெடல் தானா அழுந்துமில்ல? இன்னைக்கு அழுந்தல."

அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். அந்த விமானத்தில் இரண்டு இருக்கைக்கும் பெடல் உண்டு. இரண்டும் அடியில் ஒன்றாகப் பிணைத்தவை. ஒருவர் மிதித்தால் மற்றவர் காலுக்குக் கீழும் நகரும். கெண்டைக்கால் ஏன் வலிக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. முப்பது மணி நேரப் பயிற்சியில் ஒவ்வொரு தடவையும் மிதித்தது அவள் கால். அவள் அறிந்து மிதிக்கவில்லை. பயத்தில் கால் தானாக முந்திக்கொண்டிருக்கிறது. அந்த அப்பாவி மனிதர் அதை விமானத்தின் குணம் என்று நினைத்திருக்கிறார். மற்றதையெல்லாம் நோட்டில் எழுதியவருக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

காற்றுப்பை காலையில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது பாதி நிமிர்ந்துவிட்டது. வெயில் ஏற ஏற அது இன்னும் நிமிரும். காத்திருந்து பயனில்லை.

முதலில் அவள் மழுப்பித்தான் பார்த்தாள். ஒன்றுமில்லை, கடைசி நேரத்தில் நீங்களே வலது பெடலை மிதியுங்கள் என்றாள். டாக்டர் ஒப்பவில்லை. பழுதான கருவியை யார் வாயிலும் வைக்காத மனிதர் அவர். உடைந்த பெடலை மிதித்து அது சிக்கிக்கொண்டால் என்ன செய்வது, மெக்கானிக்கைக் கூப்பிடு என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. அக்கா தங்கையின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள். அந்தப் பிடியில் நின்றுகொண்டு உண்மையைச் சொல்வதைவிட அங்கேயே செத்துவிடலாம் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் சொல்லாவிட்டால் சாகப்போவது அவளல்ல.

"மாமா, பெடல் நல்லாத்தான் இருக்கு. அது எப்பவும் தானா அழுந்தினதில்ல. இத்தனை நாளும் நான்தான் மிதிச்சிருக்கேன்."

அக்காவின் கை முழங்கையிலிருந்து விலகியது.

"அப்ப நான் ஒரு தடவைகூட இறக்கினதே இல்லையா?"

"இல்ல மாமா. இன்னைக்குத்தான் முதல் தடவை."

இப்படியா சொல்வது என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அதற்கப்புறம் டாக்டர் குரல் சற்று இறங்கியது. எது உடையவில்லை, எது தனக்குத் தெரியாது என்று பிரித்துச் சொல்லிவிட்டால் போதும், அந்த மனிதருக்குப் பாதி தெம்பு வந்துவிடும். மேலே உயரத்தில் இருக்கும்போதே மிதித்துப் பார்க்கச் சொன்னாள். மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டாள். வலது பக்கம் என்றார். விடச் சொன்னாள். திரும்ப மிதிக்கச் சொன்னாள். அப்போது கைப்பிடியை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும் என்றாள். ஆறு தடவை செய்துவிட்டு, வர்றேன் என்றார்.

வந்தார். முன்பைவிடச் சாய்வாக வந்தார். அக்கா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். ஓடுபாதை வந்தது. இரண்டு ஆள் உயரம். ஒரு ஆள் உயரம்.

"மிதிங்க."

இந்தக் கால் இங்கே எதை மிதித்தாலும் அங்கே ஒன்றும் நகராது. தெரிந்தும் அவள் வலது பாதம் மண்ணில் புதைந்தது. மூக்கு மெல்லத் திரும்பியது. நேராகி, அதையும் தாண்டிக் கொஞ்சம் வலப்பக்கம் போனது. ஒரு சக்கரம் தரையில் மோதி எம்பியது. மறுபடி விழுந்தது. மற்றச் சக்கரமும் விழுந்தது. விமானம் வளைந்து வளைந்து ஓடி, பாதி உடம்பு புல்லில் கிடக்க நின்றுவிட்டது. இன்ஜின் அணைந்தது. கதவு திறந்தது. டாக்டர் இறங்கிப் புல்லிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அக்கா அவரிடம் ஓடுவாள் என்று தங்கை நினைத்தாள். அவள் ஓடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இவள் பக்கம் திரும்பினாள்.

"நான் அப்படிச் சொல்லி அனுப்பினதால மிதிச்சியா?"

ஆமாம் என்ற சொல் நுனி நாக்குவரை வந்துவிட்டது. எவ்வளவு வசதியான பதில். மாமா என்பதால், அக்கா கேட்டுக்கொண்டதால், பாசத்தால் என்று அவளும் இவ்வளவு நேரம் அப்படித்தான் தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

"அவருக்கு மட்டும்தான் மிதிச்சியா?" என்று அக்கா திரும்பவும் கேட்டாள்.

காலுக்கு மாமாவைத் தெரியுமா, மச்சானைத் தெரியுமா. அக்கா பதிலுக்குக் காத்திராமல், பிளாஸ்கை அங்கேயே போட்டுவிட்டுப் புருஷனை நோக்கி நடந்தாள்.

தங்கை கொட்டகைக்குள் ஓடினாள். சுவரில் அட்டவணை தொங்கியது. நான்கு வருடத்தில் அவள் கையெழுத்துப் போட்டுத் தனியாக அனுப்பியவர்கள் பதினாறு பேர். டாக்டருக்கு முன் கடைசியாகப் போனவள் ஒரு நர்ஸ். இரண்டு வாரத்துக்கு முன்னால், காற்று அசையாத ஒரு காலையில் தனியாகப் போய் அழகாக இறங்கிக் கைத்தட்டல் வாங்கியவள். நாளைக் காலை ஏழு மணிக்கு மறுபடி தனியாகப் போகிறாள் என்று அட்டவணை சொன்னது.

போனில் நர்ஸின் எண்ணை அழுத்தினாள். நர்ஸ் எடுத்தாள். நலம் விசாரிக்கவெல்லாம் தங்கைக்குப் பொறுமையில்லை. காற்று பக்கத்தில் அடிக்கும்போது இறங்கும் கடைசி விநாடியில் உன் கால் என்ன செய்யும் என்று நேரடியாகக் கேட்டுவிட்டாள்.

"சும்மாதான் வெச்சிருப்பேன் மேடம்" என்றாள் நர்ஸ். "பெடல் தானா போயிடுமே. ஏன், அதுல ஏதாவது கோளாறா?"