தோளில் படாத மரம்

வியாகுல மாதாவின் சப்பரத்தைத் தூக்கும் பெண்களுக்குத் தோள் உயரம் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். ஒரே உயரத்துத் தோள்கள் ஒரு வரிசையில் நின்றால்தான் பாரம் சமமாக இறங்கும். குட்டையான தோள் ஒன்று நடுவில் வந்துவிட்டால் சப்பரத்தைத் தாங்கும் மரம் அதைத் தொடாது. அதன் பங்கும் பக்கத்துத் தோள்களில் ஏறிவிடும். எர்லிந்தாவுக்கு இது தெரியாததல்ல. பத்தொன்பது வருஷமாகத் தூக்குகிறவள்.

கோவில் வாசலில் பெயர் பதியும் மேசைக்குப் பக்கத்தில் அளவுகோலோடு நின்ற அர்னுல்போ, அவள் தோளில் குறுக்குச் சட்டத்தை இறக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நிமிர்ந்து நில்லுங்கம்மா."

"நிமிர்ந்துதான் நிக்கிறேன்."

"போன வருஷம் நூத்தி முப்பத்தி நாலு. இப்ப நூத்தி முப்பத்தி ஒண்ணு. துவைச்சுக் காயப் போட்டதுல சுருங்கிட்டீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எர்லிந்தாவும் சிரித்தாள். "உங்க கோல்தான் வெயில்ல நீண்டுபோச்சு. போன வருஷத்து அளவையே எழுதுங்க. என் இடம் எனக்கு வேணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வட்டமாக உப்பியிருந்த அந்த முகத்தில் பழைய எர்லிந்தாவின் கண்கள் மட்டும்தான் மிச்சம் இருந்தன. நூற்று முப்பத்து நான்கு என்று எழுதினார்.

அவளுக்கு அந்த இடம்தான் வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் எல்மெர் எல்லை தாண்டி வடக்கே வேலை தேடிப் போனான். எல்லையில் இருக்கும் பாலைவனத்துக்கு இந்தப் பக்கம் ஓர் ஊரிலிருந்து ஒருமுறை பேசினான். அப்புறம் பேச்சு மூச்சில்லை. அந்த வருஷப் பெரிய வெள்ளியன்று சப்பரத்தின் அடியில் நடக்கும்போதுதான் எர்லிந்தா மாதாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள். 'மகனை இழந்தவள் நீ. உன்னை வருஷா வருஷம் ஒரு தெரு நான் சுமக்கிறேன். என் மகன் எங்கே நடந்தாலும் நீ அவனைப் பார்த்துக்கொள்.' ஒரு வருஷம் தவறினால் அந்த நூல் அறுந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால், உடம்பே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் என்று சொல்லி அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகம் கெட்டுப்போகாமல் காப்பாற்றியது பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைதான். ஆனால் அதே மாத்திரை அவள் முகத்தை உப்ப வைத்து, தொடைகளையும் தோள்களையும் மெல்ல மெல்லத் தின்றது. அவளும் ஒதிலியாவும் சேர்ந்து நடத்தும் சோள ரொட்டிக் கடையில், குட்டை முக்காலியிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே கை இறங்கிவிடும். பேருந்துப் படி மலையாகத் தெரிந்தது. முகத்தைப் பார்த்து, "சுடுற ரொட்டிய எல்லாம் நீயே தின்னுடறியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒதிலியாவுக்குத் தெரியும். எல்மெரின் ஞானத்தாய் அவள். அதனால் அவள் எதையும் கேட்பதில்லை. காலையில் ரொட்டிக்கல் சூடாவதற்குள் சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நிற்பாள், அவ்வளவுதான்.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு திரும்பி வரும் வழியில் ஒதிலியா சொன்னாள்: "இந்தத் தவக்காலத்துக்கு நான் காபிய விட்டுட்டேன். நாப்பது நாள் என் பக்கத்துல வராதே, கடிச்சுடுவேன். நீ எத விடப் போறே?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல."

அவள் விட்டது மாத்திரையை.

அவள் கணக்கில் அது நியாயமாகவே இருந்தது. கால் பலத்தைத் தின்பது மாத்திரை. நாற்பது நாள் நிறுத்தினால் கால் திரும்பி வந்துவிடும், தவக்கால ஒறுத்தலும் ஆயிற்று. முதல் இரண்டு நாள் வயிறு லேசாக இருப்பது போலிருந்தது. மூன்றாம் நாள் விரல் முட்டிகள் வலித்தன. ஐந்தாம் நாள் முழங்கால், இடுப்பு, தோள் எல்லாம் அடித்துப் போட்டாற்போல் ஆயின. வலியைக் கூட அவள் காணிக்கையாக எடுத்துக்கொண்டாள். எட்டாம் நாள் காலை பிசைந்த மாவை எடுக்கக் குனிந்தவள், மாவுத் தொட்டியோடு தரையில் சரிந்தாள். வாந்தி. உடம்பு சில்லிட்டிருந்தது.

சுகாதார நிலையத்து டாக்டர் இளம்பெண். ஊசி போட்டு, சலைன் ஏற்றி, அவள் கண் திறக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நாளா மாத்திரை போடலம்மா?"

எர்லிந்தா ஒதிலியாவைப் பார்த்தாள். பிறகு உண்மையைச் சொன்னாள்.

"இத்தனை மாசமா மாத்திரை வெளியிலேருந்து வந்ததால, உடம்பு அந்த ஹார்மோன தானா சுரக்கிறத மறந்து போச்சு. திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. சிறுநீரகத்து நோய் அடங்கினதும் நானே கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பேன். குறைக்கும்போதும் மூட்டு வலிக்கும், பயப்படாதீங்க, எங்கிட்ட வந்து சொல்லுங்க. தொடையில பலம் திரும்பும். ஆனா மாசக்கணக்காகும்."

"குறைஞ்ச உயரம்?"

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினாள். முதுகெலும்பில் இரண்டு முள்ளெலும்புகள் மாத்திரையால் மெலிந்து, நசுங்கித் தட்டையாகியிருந்தன. "அது திரும்பாதும்மா. இனிமே பாரம் தூக்கக் கூடாது."

வெளியே வந்ததும் ஒதிலியா வெடித்தாள். "ஆண்டவர் உங்கிட்ட வந்து மாத்திரையக் கேட்டாராடி? இனிப்ப விடு, கோவத்த விடு, பிடிவாதத்த விடு. அதுதான் உன் வீட்ல மூட்ட மூட்டையா இருக்கே!" சொல்லிவிட்டு, நடுத்தெருவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து கடையில் குட்டை முக்காலி காணாமல் போய், அந்த இடத்தில் உயரமான நாற்காலி வந்தது. கைப்பிடியைத் தொடாமல் அதிலிருந்து எழுந்து எழுந்து உட்காரப் பழகச் சொல்லியிருந்தாள் டாக்டர். ஒதிலியா ரொட்டி தட்டும் தாளத்திலேயே எண்ணுவாள். முதல் வாரம் இரண்டு. ஐந்தாம் வாரம் ஆறு. ஆறாவது முறை எழும்போது தொடை நடுங்கும். "ஆட்டம் வேறயா? கல்யாண வீடா இது?" என்பாள் ஒதிலியா. எர்லிந்தா சிரித்து, சிரிப்பில் பலம் போய் உட்கார்ந்துவிடுவாள்.

ஆனால் பெரிய வெள்ளியை அவள் விடவில்லை. வீட்டில் உட்கார்ந்து கறுப்புத் துணியில் ஒரு தோளணை தைத்தாள். குறைந்துபோன மூன்று சென்டிமீட்டருக்கும் பஞ்சு அடைத்தாள். அதை வைத்துக்கொண்டால் மரம் அவள் தோளில்தான் இறங்கும்.

பெரிய வெள்ளி மதியம் தெருவெல்லாம் சாயமேற்றிய மரத்தூளில் கம்பளம் விரித்திருந்தார்கள். தூபப் புகைக்குள்ளிருந்து சப்பரம் அசைந்து அசைந்து வந்தது. கறுப்பு முக்காடும் கறுப்பு உடுப்புமாக அடுத்த தெருவைச் சுமக்க வேண்டிய முறைக்காரிகள் தெருமுனையில் காத்து நின்றார்கள். எர்லிந்தாவுக்கு இந்தப் பக்கம் ஒதிலியா. அந்தப் பக்கம் இறைச்சிக்கடை கார்மெலினா, ஆள் கதவு மாதிரி இருப்பாள்.

"என்ன எர்லிந்தா, பாவமெல்லாம் இறக்கி வச்சுட்டியா? இல்ல, சப்பரத்தோட கனத்துல அதுவும் சேருமா?" என்றாள் கார்மெலினா.

"உன் பாவத்தோட சேத்தா சப்பரம் நகரவே நகராது."

மணி அடித்தது. முந்திய முறைக்காரிகள் விலக, இவர்கள் உள்ளே புகுந்தார்கள். எர்லிந்தா தோளணையைச் சரிசெய்யத் தொட்டாள். அது தட்டையாக இருந்தது. தையல் பிரித்து மறுபடி தைத்த தடம் விரலில் பட்டது.

"ஒதிலியா... பஞ்சு எங்கடி?"

"என் தோள்ல பாதி, கார்மெலினா தோள்ல பாதி. பேசாம நட."

வாத்தியங்கள் முழங்கின. மரம் உயர்ந்தது. அவள் தோளுக்கு மேலே, மூன்று விரல் அகல இடைவெளியில், அது தனியாக மிதந்து போயிற்று. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள். கார்மெலினாவின் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது.

எர்லிந்தாவுக்கு அழுகை வந்தது. அளவுகோல்காரரிடம் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. தன் பாரத்தை மாதாவுக்குக் கொடுப்பதாக நினைத்து, அதை இந்த இரண்டு பேர் மேல் அல்லவா ஏற்றிவிட்டாள்? ஆனால் மகன் நினைவு அதையும் மீறி வந்தது. இந்த ஒரு தெரு. ஒரு பொட்டுக் கனம் கூடப் படாமல் இது முடிந்துவிட்டால், அடுத்த பெரிய வெள்ளிவரை எந்த முகத்தோடு அவள் மாதாவிடம் கேட்பது?

"எம்மேல படவே இல்லடி," என்றாள் தாழ்ந்த குரலில். "எல்மெருக்காக. கொஞ்சம்."

ஒதிலியா திரும்பினாள். கார்மெலினாவைப் பார்த்தாள். எல்மெர் சின்ன வயசில் கார்மெலினாவின் கடையில் எலும்பு கேட்டு நாய்க்குப் போடுவான். அந்தப் பெரிய உடம்புக்காரியின் கண்ணும் கலங்கியிருந்தது.

"எண்ணிக்கிட்டு முழங்கால வளைக்கணும்," என்றாள் கார்மெலினா. "மூணு சொன்னதும். நீ போதும்னு சொன்னா உடனே நிமிர்ந்துடுவோம். வீம்பு பண்ணாதே, வரிசையே கவிழும்."

மூன்று என்றதும் இருவரும் முழங்காலைச் சற்றே மடித்து நடந்தார்கள். மரம் இறங்கி எர்லிந்தாவின் தோளில் உட்கார்ந்தது. முதலில் எலும்பில் வலி பாய்ந்தது. பிறகு கனம், பழைய கனம், பத்தொன்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த கனம். ஓரடி. 'எல்மெர்' என்றாள். இரண்டு. மூன்றாவது அடியில் தொடை நடுங்கத் தொடங்கியது. நான்காவதில் முழங்கால் தளர்ந்து வழுக்குவது தெரிந்தது. இன்னும் ஓரடி போகலாம் என்று மனசு சொன்னது. பக்கத்தில் ஒதிலியாவின் மூச்சு இரைந்தது.

"போதும்," என்றாள் எர்லிந்தா.

மரம் உயர்ந்தது. மிச்சத் தெருவை அவள் விரல் நுனியால் மரத்தைத் தொட்டபடி நடந்து முடித்தாள்.

அடுத்த முனையில் வேறு பெண்கள் வந்து தோள் கொடுத்தார்கள். நடைபாதை ஒரு சாண் உயரம்தான். ஒதிலியா அவள் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து ஏற்றிவிட்டாள். மாதா முதுகைக் காட்டிக்கொண்டு புகைக்குள் போனாள். எல்மெர் இருக்கிறானா இல்லையா என்பதை அந்த முதுகு சொல்லவில்லை. எந்த வருஷமும் சொன்னதில்லை.

"அடுத்த வருஷம் அர்னுல்போகிட்ட உண்மையான அளவச் சொல்லிடறேன்," என்றாள் எர்லிந்தா.

"அவருக்குத் தெரியும்டி," என்றாள் ஒதிலியா. "அன்னைக்கே எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டார்."

கார்மெலினா முக்காட்டை ஒதுக்கித் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மரத்தின் விளிம்பு பதிந்த தடம் அங்கே சிவப்பாகத் தடித்து, ஓரத்தில் நீலம் பாரித்திருந்தது. எர்லிந்தா தேய்த்துவிடக் கையைத் தூக்கினாள். கை எர்லிந்தாவின் மார்பு உயரத்துக்குத்தான் வந்தது. அதற்கு மேல் எழவில்லை. விரல்கள் காற்றில் நின்றன.

கார்மெலினா அதைப் பார்த்தாள். "அம்மாடி, கால் கடுக்குது," என்று சொல்லிவிட்டு, அத்தனை பெரிய உடம்பையும் மெல்ல இறக்கி, அவளுக்கு முன்னால் நடைபாதை ஓரப் படியில் முதுகு காட்டி உட்கார்ந்தாள். தோள் இப்போது கைக்கு எட்டியது.

எர்லிந்தா நின்றபடியே அதைத் தேய்த்துவிட்டாள்.