குளிர்பெட்டியின் கடைசித் தட்டு

மெக்சிகோவின் யூகத்தான் வெயிலில் அந்த ஊருக்கே ஒரே ஒரு குளிர்பெட்டிதான். அதுவும் ஊருடையது அல்ல. சோடா கம்பெனி நெலிதாவின் கடைக்கு இலவசமாகக் கொடுத்தது. கம்பெனி பாட்டிலைத் தவிர வேறெதுவும் உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படியும் கடைசித் தட்டில், பாட்டில்களுக்குப் பின்னால், பக்கத்து வீட்டு தொமாசாவின் இன்சுலினை நெலிதா ஒளித்து வைத்திருந்தாள்.

தொமாசா கடலோர ஓட்டலில் இருபது வருஷம் அறை துடைத்தவள். வேலைக்கு நடுவே குடிக்கக் கொடுத்தது சர்க்கரை போட்ட சோடா. வீட்டுக் கிணறு உப்பு, கடையில் தண்ணீர் பாட்டில் சோடாவைவிட விலை கூட. ஆக, வீட்டிலும் சோடாதான். சர்க்கரை வியாதி முற்றி இரண்டு கால்விரல்கள் போயின, கூடவே வேலையும் போனது. இப்போது அதே காலில் புண். மாதக் கடைசிக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வாரமாக நாள் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று காலை நெலிதா சோளம் அரைக்கப் போனாள். மில்லில் பட்டை அறுந்து, திரும்ப உச்சிவேளை ஆகிவிட்டது. வந்து பார்த்தால் பெட்டிக்குள் பாட்டில்கள் வரிசை பிசகாமல் நின்றன. வெளியே தகரப் பலகையில், சுள்ளென்ற வெயிலில், அவள் உள்ளே வைத்திருந்த நாலு முட்டையும் அந்த மருந்துக் குப்பியும். தொட்டால் சுட்டது.

கம்பெனி ஆள் காலையிலேயே வந்து எடுத்து வைத்துவிட்டானாம். வலைத்தொட்டிலில் கிடந்த புருஷன் அன்செல்மோ எழுந்திருக்கக்கூட இல்லை.

"நான் என்னத்தச் சொல்றது? பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா நம்ம அடுப்பு எரியுமா?"

அவனைக் கொன்று போடலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் அடுப்பு எரிவது அந்தப் பெட்டியால்தான்.

குப்பியைத் தூக்கிப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வெயில் பட்டால் வீண் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் அடுத்த குப்பி அடுத்த மாதம்தான். பெட்டிக்குள் பழைய இடத்திலேயே வைத்தாள். சாயங்காலம் வரட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

சாயங்காலம் தொமாசா நொண்டாமல் வந்தாள். உட்கார்ந்து கட்டைப் பிரித்துக் காட்டினாள்.

"பாருடி, சுத்தித் தோல் வந்திருக்கு. எல்லாம் உன் பெட்டி போட்ட பிச்சை."

நெலிதா குப்பியை எடுத்துக் கொடுத்தாள். தொமாசா அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லா சில்லுன்னு இருக்குடி" என்று சொல்லி, ஊசியில் ஏற்றினாள்.