இரவல் குரல்

பே மான்-ஹோவுக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் பெயர் சொல்லும்படி ஒரு வேடம் கிடைத்தது. அதுவரை தொலைக்காட்சித் தொடர்களில் டாக்ஸி ஓட்டினான், பிணமாகக் கிடந்தான், கதாநாயகனிடம் அறை வாங்கினான். முகம் யாருக்கும் நினைவில் நிற்காது. ஆனால் நாடகக்காரர்களின் பேட்டையான தேஹாங்னோவின் சின்னச் சின்ன அரங்குகளில் அவன் குரலுக்குத் தனி மரியாதை. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். யோசு துறைமுகத்தில் மீன் ஏலம் கூவிய அப்பாவிடமிருந்து வந்த குரல் அது.

இந்த முறை சரித்திரத் தொடர். அரசனையே எதிர்த்துப் பேசித் தலையைக் கொடுக்கும் மந்திரி. படப்பிடிப்பு முடிந்தது. அரண்மனைக் காட்சிகளிலெல்லாம் காற்றின் இரைச்சல் புகுந்துவிட்டதால் வசனத்தைத் திரும்பப் பேசிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் கட்டி. அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்துவிட்டார்கள். கண் விழித்துப் பேச வாய் திறந்தால் காற்றுதான் வந்தது.

"குரல் நாண் அசையலை. திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் மருத்துவர்.

ஒளிபரப்புத் தேதி காத்திருக்கவில்லை. மான்-ஹோவுக்குப் பதிலாகக் குரல் கொடுக்க இயக்குநர் கி-தேயைக் கூப்பிட்டார். ஒரு காலத்தில் மான்-ஹோவோடு மொட்டைமாடி அறையில் ஒரே போர்வைக்குள் படுத்த நாடக நண்பன் அவன். மான்-ஹோவைப் போலப் பேசிக்காட்டி, குடிக்கிற இடத்திலெல்லாம் எல்லோரையும் சிரிக்கவைப்பவன்.

"அண்ணே, வேணாம்னு தலையாட்டுங்க, நான் போகலை" என்றான் கி-தே.

போ என்று கை காட்டினான் மான்-ஹோ. வேறு என்ன செய்ய முடியும்?

முதல் பகுதி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை கி-தே வறுத்த கோழியோடு வீட்டுக்கு வந்தான். திரையில் மான்-ஹோவின் உதடு அசைய, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் குரல் வந்தது. மனைவி சோ-ரான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கி-தே கோழியைத் தொடவேயில்லை.

அன்றைய பகுதி முடிந்ததும் யோசுவிலிருந்து அம்மாவின் அழைப்பு. அவளுக்கு இதய நோய். அறுவை சிகிச்சை பற்றி அவளிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை. 'ஷூட்டிங்ல இருக்காரு அத்தை' என்றே சோ-ரான் சமாளித்து வந்தாள். எல்லோரும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இன்னிக்கு ஷூட்டிங்னு சொல்லிடாதே. எம்புள்ளை கிட்ட குடு."

சோ-ரான் கணவனைப் பார்த்தாள். மான்-ஹோ கி-தேயைப் பார்த்தான். கி-தே கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தலையாட்டி மறுத்தான்.

"டேய், இருக்கியா இல்லியா?"

மான்-ஹோ போனை அவன் பக்கம் நகர்த்தினான்.

"இருக்கேம்மா. சாப்பிட்டியா?" என்றான் கி-தே, மான்-ஹோவின் குரலில்.

"பூண்டு உரிச்சிட்டிருந்தேன். திரையைக்கூடப் பார்க்கலை, குரல் கேட்டதும் கத்தி நழுவிடுச்சு. உங்கப்பாவே பேசினாப்ல இருந்துது." அம்மாவின் குரல் தணிந்தது. "அவரு சாகிற அன்னிக்கு உன்னைத்தான் கேட்டாரு. நீ நாடகம்னு வரலை. அந்தக் கோவத்தை இத்தனை வருஷம் உள்ளயே வெச்சிருந்தேன்டா. இன்னிக்கு விட்டுட்டேன்."

மான்-ஹோ எழுந்து போனுக்கு மேல் குனிந்தான். 'அம்மா' என்று அழைத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. வெறும் காற்று.

"என்னடா பேச்சே காணோம்? ஏதாவது சொல்லு."

கி-தேயின் கண்கள் நிறைந்திருந்தன. என்ன சொல்ல என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தான். எழுதிக் காட்ட மான்-ஹோவுக்குக் கை வரவில்லை. அவனுக்கே தெரியாத ஒன்றை எப்படி எழுதுவான்?

"மன்னிச்சுக்கோம்மா" என்றான் கி-தே, தானாகவே.

"சரி, சரி. அழாதே. அறுவடைத் திருநாளுக்கு வந்து சேரு. நேர்ல பேசிக்கலாம்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. கி-தே பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சோ-ரான் கணவனின் தோளைத் தொட்டாள். அவன் இன்னும் போனின் மேலேயே குனிந்து, வாயை அசைத்துக்கொண்டிருந்தான்.